வாஷிங் மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறதா? எப்போது ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள்

மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்டதும் ஸ்குரூ டிரைவரைத் தேடுவது இயல்பு. கொஞ்சம் பொறுங்கள். தரையில் ஈரம் தெரியும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. பின்பக்க ஹோஸில் சொட்டும் தண்ணீர், அடித்தகட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடி, தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்த மூலையில்தான் விழும். அதனால் இடத்தைத் தேடுவதைவிட நேரத்தைக் கவனிப்பதே சுருக்கமான வழி. மெஷின் சும்மா இருக்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, துவைக்கும்போது, வெளியேற்றும்போது, பிழியும்போது என்று ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. ஒழுகல் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டால், பழுது இரண்டு மூன்று பாகங்களுக்குள் அடங்கிவிடும்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கை சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. ஃபேஸ், நியூட்ரல் வயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருக்கும் வீடுகளில் சுவிட்சை அணைத்த பிறகும் மெஷினுக்குள் மின்சாரம் இருக்கக்கூடும். தரை ஈரமாக இருந்தால் முதலில் மெயினை அணைத்து, தரையைத் துடைத்து, காலில் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு பிறகு பிளக்கைத் தொடுங்கள். உடலைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிற மெஷினில் ஒழுகலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் அப்போதே போட்டுக்கொள்வது நல்லது.

செமி ஆட்டோமேட்டிக்கிலும் பல டாப் லோடுகளிலும் மோட்டாருக்குக் கப்பாசிட்டர் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம், அதன் முனைகளைத் தொடாதீர்கள். ஃப்ரன்ட் லோட் மெஷினைத் தனியாளாகச் சாய்க்க முயல வேண்டாம். உள்ளே எடைக்கட்டை இருப்பதால் 60 கிலோவுக்கு மேல் வரும். தகட்டின் ஓரங்கள் கையைக் கிழிக்கும், தடிமனான கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம்: ஸ்டார் ஸ்குரூ டிரைவர், தட்டை ஸ்குரூ டிரைவர், குறடு, 8, 10 எண் ஸ்பானர்கள், டெஃப்ளான் டேப், டார்ச், ஒரு வாளி, பழைய செய்தித்தாள், டிஷ்யூ பேப்பர்.

மெஷின் மேல் பழி போடும் முன் தரை ஜாலி

புகார்களில் ஒரு பங்கு மெஷினின் குற்றமே கிடையாது. தண்ணீர் வெளியேறும் தரை ஜாலியில் முடியும் துணிப்பஞ்சும் சோப்புச் சகதியும் அடைத்திருக்கும். பம்ப் வேகமாகத் தள்ளும் தண்ணீரை ஜாலி உள்வாங்க முடியாமல் எதிர்த்து வந்து, மெஷினுக்கு அடியில் போய் நிற்கும். சோதிப்பது எளிது. ஒரு வாளித் தண்ணீரை ஜாலியில் சரசரவென்று ஊற்றுங்கள். சுழித்துக்கொண்டு இறங்கினால் வழி சரி. ஏறி நின்றால், ஜாலியைத் தூக்கி அதன் கீழுள்ள கிண்ணத்தைச் சுத்தம் செய்தாலே வேலை முடிந்தது.

ஐந்து கட்டங்களையும் பார்ப்பது எப்படி

மெஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்து, சுற்றிலும் தரையைத் துடைத்து, அடியில் செய்தித்தாளை விரியுங்கள். துணியும் சோப்பும் போடாமல் ரின்ஸ், ஸ்பின் இரண்டையும் மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். டார்ச்சோடு பக்கத்திலேயே இருந்து, தாள் முதலில் நனையும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்புகளைக் கையால் தடவிப் பார்ப்பதைவிட டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள், ஒரு சொட்டு ஈரம்கூட அதில் தெரியும்.

போர் தண்ணீர் வீடுகளில் இன்னொரு துப்பு கிடைக்கும். பல நாள் கசிந்த இடத்தில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் அது தொடங்கும் இடம்தான் கசிவு. கோடு பழுப்பாக, துருநிறத்தில் இருந்தால் பெரும்பாலும் தண்ணீர், டிரம்மின் தண்டைத் தாங்கும் பேரிங்கைத் தொட்டு வருகிறது என்று பொருள். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

சோப்பில்லாமல் ஓட்டும்போதே டிரம்முக்குள் நுரை எழும்பினால், இதுவரை போட்ட சோப்பு அதிகம். ஒழுகுவது நுரையாக இருக்கலாம். கைத்துவையலுக்கான பவுடரை ஃப்ரன்ட் லோடில் போட்டால் நுரை சோப்பு டிராயர் வழியாகவும் கதவு வழியாகவும் பிதுங்கி வரும். நுரை நிற்கும்வரை வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஓட்டிவிட்டு, அந்த மெஷினுக்கான சோப்பை, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

மெஷின் சும்மா இருக்கும்போதே ஈரம்

எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும் பகுதி, குழாயிலிருந்து மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் இன்லெட் ஹோஸும் அது முடியும் வால்வும் மட்டும்தான். அதனால் மெஷின் ஓடாதபோதும் ஈரம் இருந்தால் பார்வை அங்கேதான் போக வேண்டும். ஹோஸின் மெஷின் பக்க முனை முக்கால் அங்குல மரை. அங்கே தண்ணீரைத் தடுப்பது மரை கிடையாது, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். இது தெரியாமல் பலர் மரையில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார்கள். வாஷர் இறுகிப்போய்த் தட்டையாகியிருந்தால் எவ்வளவு டேப் சுற்றினாலும் ஒழுகும். குழாயை மூடி, முனையைக் கழற்றி, வாஷரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து மீண்டும் எழும்பவில்லையென்றால் மாற்றுங்கள். கையால் இறுகும்வரை திருகி, குறடால் இன்னும் கால் சுற்று, அவ்வளவுதான். அதற்கு மேல் முறுக்கினால் வால்வின் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும். டெஃப்ளான் டேப் வேண்டிய இடம், குழாய் சுவருக்குள் போகும் அரை அங்குல மரை. அங்கே திருகும் திசையிலேயே 10 முதல் 15 சுற்று சுற்றுங்கள்.

சாதாரணக் குழாயின் வாயில் நான்கு ஸ்குரூவால் பிடிக்கும் பிளாஸ்டிக் அடாப்டர்தான் நம் வீடுகளில் அதிகம் தொல்லை கொடுப்பது. ஒரு ஸ்குரூவை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அடாப்டர் சாய்ந்து உட்காரும், ஒரு பக்கம் பீறிடும். எதிரெதிர் ஸ்குரூக்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அதைவிட நல்லது, மரையுள்ள வாஷிங் மெஷின் குழாயையே மாட்டிவிடுவது. அடாப்டர் நள்ளிரவில் கழன்று வீடு முழுக்கத் தண்ணீர் போகும் ஆபத்து அதோடு தீர்ந்தது.

குழாயும் ஹோஸும் காய்ந்திருக்க, டிரம்முக்குள் மட்டும் காலையில் தண்ணீர் நிற்கிறதா? இன்லெட் வால்வு முழுதாக மூடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய நிலையில் குழாயைத் திறந்துவைத்து, சோப்பு டிராயரை உருவி, அந்தக் கூட்டைத் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் கவனியுங்கள். உள்ளே சொட்டினால் வால்வேதான். பெரும்பாலும் காரணம், வால்வின் வாயிலுள்ள சிறு சல்லடை கிழிந்தோ காணாமலோ போய், மணலும் உப்புத் துகளும் உள்ளே புகுந்து, வால்வை மூடும் ரப்பர் சவ்வான டயஃப்ரமில் உட்கார்ந்துகொள்வது. தண்ணீர் மெதுவாக வருகிறது என்று அந்தச் சல்லடையைப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. சில மாதத்தில் வால்வுக்கே செலவு வைக்கும் வேலை அது. அடைத்த சல்லடையைக் குறடால் மெல்ல இழுத்தெடுத்து, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள்.

ஃப்ரன்ட் லோடில் முன்பக்கம் கீழே இருக்கும் பம்ப் ஃபில்டர் மூடியும் சும்மா இருக்கும்போது சொட்டும். அந்தப் பகுதியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். ஃபில்டரைச் சுத்தம் செய்த மறுநாள் ஒழுகல் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், மரை கோணலாக ஏறியிருக்கிறது அல்லது மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் (ஓ-ரிங்) ஒரு முடி ஒட்டியிருக்கிறது. வாளியோ தாம்பாளமோ வைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, கழற்றித் துடைத்து, முதலில் இடப்பக்கம் ஒரு திருப்புத் திருப்பி மரை பொருந்தும் ‘டக்’ தெரிந்தபின் வலப்பக்கம் திருகுங்கள்.

தண்ணீர் பிடிக்கும்போது

டிராயர் ஓரமாக முன்பக்கம் வழிந்தால் இரண்டு காரணங்கள். ஒன்று, டிராயருக்கு மேலுள்ள சிறு துளைகளை உப்பும் பவுடரும் அடைத்து, தண்ணீர் நேராக விழாமல் பக்கவாட்டில் பீய்ச்சுகிறது. டிராயரை உருவிக் கழுவி, மேல் துளைகளைப் பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். கம்ஃபர்ட் ஊற்றும் அறையில் இருக்கும் சிறு மூடியையும் கழற்றிக் கழுவ வேண்டும். இரண்டு, அழுத்தம் அதிகம். 10 அடி உயரத்தில் இருக்கும் தொட்டி கொடுப்பது ஏறத்தாழ 0.3 பார்தான். பிரஷர் பம்ப் உள்ள அடுக்ககங்களில் அது பல மடங்கு. குழாயைப் பாதி மூடி ஓட்டிப் பாருங்கள். வழிவது நின்றால் அப்படியே பாதியில் வைத்துக்கொள்வதே தீர்வு.

நிற்காமல் தண்ணீர் பிடித்து டிரம் நிரம்பி வழிகிறதா? ஈரத் தரைக்கு முதலில் சொன்ன எச்சரிக்கையோடு, தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் தண்ணீர் வந்தால் வால்வு. உடனே நின்றால், தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் பிரஷர் சுவிட்ச் பக்கம் கோளாறு. தொட்டியின் அடியிலிருந்து அந்தச் சுவிட்சுக்குப் போகும் பென்சில் பருமனுள்ள குழல் கழன்றிருக்கலாம், அதன் அடிமுனையில் சோப்புப் பசை அடைத்திருக்கலாம். சுவிட்ச் பக்கம் உருவி, தொட்டியை நோக்கி ஊதி அடைப்பை எடுத்துவிட்டு மாட்டுங்கள். சுவிட்சுக்குள் பலமாக ஊதக் கூடாது, மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

துவைக்கும்போது: ஃப்ரன்ட் லோடின் கதவு ரப்பர்

கதவுக்குக் கீழே முன்பக்கம் ஒழுகினால் கேஸ்கெட், அதாவது கதவு ரப்பர். புதிது வாங்கும் முன் கண்ணாடியின் வெளி விளிம்பையும் ரப்பரின் உதட்டையும் விரலால் சுற்றித் தடவுங்கள். ஒரு தலைமுடி, ஒரு நூல், காய்ந்த சோப்புப் படலம் போதும் கசிவதற்கு. மடிப்பை விரித்துப் பாருங்கள்: காசு, ஹேர்பின், ஊக்கு எல்லாம் அங்கேதான் இருக்கும். மடிப்பின் அடியில் உள்ள சிறு துளைகள் அடைத்திருந்தால் அடைப்பைக் குத்தி எடுத்துவிடுங்கள். துணியை அமுக்கித் திணித்தாலும் ரப்பரைத் தள்ளிக்கொண்டு ஒழுகும். டிரம்மின் மேல்பக்கம் ஒரு கை நுழையும் இடம் இருக்க வேண்டும்.

கிழிசல் ரப்பரின் மேல் பாதியில் இருந்தால் தண்ணீர் மட்டம் அங்கே எட்டாது, சில துளிகளோடு ஓட்டிவிடலாம். கீழ்ப்பாதியில் கிழிந்தால் மாற்றியே ஆக வேண்டும். சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்டால் சுழற்சியில் இழுபட்டுச் சில நாளில் பிரியும்.

மாற்றும் முறை இது. மெஷினின் மாடல் எண்ணை ஸ்டிக்கரிலிருந்து எழுதிக்கொண்டு, அதே மாடலுக்கான கேஸ்கெட்டை வாங்குங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பது போதாது.

1. பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடியபின் கதவைத் திறந்து, ரப்பரின் முன் உதட்டுப் பள்ளத்தில் ஓடும் கம்பி வளையத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். தட்டை ஸ்குரூ டிரைவரால் அதை நெம்பினால் வளையம் கையோடு வரும்.

2. முன் உதட்டைத் தகட்டிலிருந்து உரித்து உள்ளே மடக்குங்கள். கதவுப் பூட்டின் இரண்டு ஸ்குரூக்களையும் கழற்றிவிட்டால் கை போகும்.

3. உள்பக்க வளையம் தொட்டியின் வாயைப் பிடித்திருக்கும். சில மாடல்களில் மேல்மூடியைக் கழற்றினால் எட்டும், சிலவற்றில் முன்தகடு முழுவதும் வர வேண்டும். கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாட்டும்போது அதுதான் துணை.

4. பழைய ரப்பரை இழுத்தெடுத்து, தொட்டியின் வாயில் ஒட்டிய கசடை ஈரத்துணியால் சுத்தமாகத் துடையுங்கள். இங்கே அவசரப்பட்டால் புது ரப்பரும் ஒழுகும்.

5. புது ரப்பரில் ஒரு முக்கோணக் குறி இருக்கும், அது தொட்டியின் மேல் நடுக்குறியோடு நேராக வர வேண்டும். துளைகள் சரியாக அடியில் வரும். விளிம்பில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டுத் தடவினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். தேங்காய் எண்ணெயும் கிரீஸும் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

6. உள்வளையத்தை மாட்டி இறுக்கி, பூட்டைத் திரும்பப் பொருத்தி, முன் உதட்டைச் சுற்றிலும் தகட்டில் ஏற்றி, கம்பி வளையத்தை மேலிருந்து தொடங்கி இருபுறமும் இறக்குங்கள். கடைசியில் ஸ்பிரிங்கை இழுத்து மாட்ட இன்னொரு ஆள் இருந்தால் சுலபம்.

டாப் லோடில் தண்ணீர் நிற்காமல் போவது

டாப் லோடில் துவைக்கும்போதே டிரெயின் ஹோஸ் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால், மெஷின் மறுபடி மறுபடி நிரப்பும், துவையல் முடியவே முடியாது. டிரெயின் வால்வு மூடவில்லை. உள்ளே ஸ்பிரிங்கோடு ஒரு ரப்பர் பெல்லோ (மடிப்பு மடிப்பான ரப்பர் அடைப்பான்) இருக்கிறது. டிரெயின் மோட்டார் ஒரு கம்பியால் அதை இழுத்துத் திறக்கும், விட்டால் ஸ்பிரிங் மூடும். இடையில் ஒரு சட்டைப் பொத்தான் மாட்டினால் போதும், மூடாது.

தண்ணீரை முழுக்க வடித்து, பின்தகட்டைக் கழற்றி, வால்வின் மூடியை இடப்பக்கம் திருகினால் பெல்லோ வெளியே வரும். நூல், பொத்தான், காசு எதுவாக இருந்தாலும் எடுத்துவிட்டு, பெல்லோவின் விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அது அமரும் பிளாஸ்டிக் வாயையும் துணியால் துடையுங்கள். மாட்டியபின் கம்பியைக் கையால் இழுத்து விடுங்கள். சட்டென்று முழுதாகத் திரும்ப வேண்டும், தயங்கினால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. பம்ப் இல்லாத டாப் லோடுகளில் டிரெயின் ஹோஸ் தரையோடு கிடக்க வேண்டும். வாசற்படி மேல் ஏற்றிவிட்டால் தண்ணீர் முழுதும் இறங்காது.

வெளியேற்றும்போது, பிழியும்போது

வெளியேற்றும் நேரத்தில் மட்டும் ஒழுகினால் பம்ப், டிரெயின் ஹோஸ், அவற்றின் கிளாம்ப் மூன்றையும் பாருங்கள். ஸ்பிரிங் கிளாம்ப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால் அதே அளவில் ஸ்குரூ கிளாம்ப் போடலாம். மடிப்பு மடிப்பான ஹோஸ் வளையும் இடத்தில்தான் வெடிக்கும், வளைத்துப் பார்த்தால் பிளவு வாய் திறக்கும்.

எலி கடித்த ஹோஸ் நம் ஊரில் தனிக் கதை. அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷினுக்குள் வெதுவெதுப்பாக இருப்பதால் எலி குடியேறிவிடும். ஹோஸில் பல் தடம் கண்டால் அதோடு வயர்களையும் கட்டாயம் பாருங்கள். காப்புறை உரிந்த வயர் இருக்கும் மெஷினை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. சரிசெய்தபின் அடியில் எலி மெஷ் மாட்டுங்கள், டிரெயின் ஹோஸ் போகும் ஓட்டையையும் அடையுங்கள்.

பிழியும்போது மட்டும் ஒழுகும், கூடவே விமானம் கிளம்புவது போன்ற இரைச்சலும் இருக்கிறது, டிரம்மைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் ஆடுகிறது, அடியில் துருநிறக் கோடு: டப் சீலும் (டிரம்மின் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பேரிங்கும் போய்விட்டன. முழுவதும் பிரித்து, பேரிங்கைத் தட்டியெடுத்து, புதிதை நேராக இறக்க வேண்டிய வேலை. புதியவர்கள் இதில் இறங்க வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆனால் தள்ளிப்போடாதீர்கள், ஷாஃப்ட்டும் (அந்தத் தண்டு) தேய்ந்துவிட்டால் செலவு பெரிதாகும்.

செமி ஆட்டோமேட்டிக்கின் ஸ்பின் சீல் மட்டும் வீட்டிலேயே மாற்றக் கூடியது. பிழியும் தொட்டிக்கு அடியில் நடுவில் சொட்டினால் அதுதான். நேர் கீழே மோட்டார் இருப்பதால் சொட்டு விழத் தொடங்கியதுமே ஓட்டுவதை நிறுத்துங்கள். பின்மூடியைக் கழற்றினால் மோட்டாரையும் ஸ்பின் தொட்டியின் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங் தெரியும். அதன் போல்ட்டுகளைத் தளர்த்தி (பெரும்பாலும் 10 எண் ஸ்பானர்), மேலிருந்து தொட்டியை நேராகத் தூக்குங்கள். சீலை எடுத்தபின் ஷாஃப்ட்டை நகத்தால் தடவுங்கள். துரு சொரசொரப்பு மட்டும் என்றால் 600 எண் உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கலாம். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் புது சீலும் ஒரு மாதம் தாங்காது, தொட்டி ஷாஃப்ட்டோடு மாற வேண்டும். சீலின் உள் உதட்டில் தண்ணீர் தாங்கும் கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். போல்ட் முனை ஷாஃப்ட்டின் தட்டையான பகுதியில் உட்கார வேண்டும், லாக் நட்டை மறக்கக் கூடாது.

செமியில் துவைக்கும் பக்கத் தண்ணீர் ஸ்பின் தொட்டிக்குள் ஏறினால் சீலைச் சந்தேகிக்காதீர்கள். டிரெயின் ஹோஸ் உயர்ந்தோ அடைத்தோ இருக்கிறது, அவ்வளவே.

எம்-சீல் பற்றி ஒரு வார்த்தை

ஹோஸிலும் தொட்டியிலும் எம்-சீல் வைத்து அடைப்பது பரவலான பழக்கம். தொட்டி பாலிப்ரொப்பிலீனால் ஆனது, அதில் எம்-சீல் இறுகப் பிடிக்காது. ஹோஸ் வளையும்போதெல்லாம் பூச்சு விரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஓட்டுவதற்குச் சரி, பழுது பார்த்ததாக அதை நினைக்கக் கூடாது.

சக்கர ஸ்டாண்டின் மேல் நிற்கும் மெஷின் பிழியும்போது நடந்து போகிறதென்றால், சரிசெய்த இணைப்பெல்லாம் மறுபடி தளரும். போனில் இருக்கும் ரசமட்ட ஆப்பை மேல்மூடியில் வைத்து, கால்களைத் திருகி மட்டப்படுத்தி, லாக் நட்டை உடலோடு சேர இறுக்குங்கள்.

எல்லாம் மாட்டியபின் அடியில் புதுச் செய்தித்தாளை விரித்து, முதலில் வெறும் தண்ணீரில், பிறகு பாதித் துணியோடு, பிறகு முழு லோடோடு ஓட்டுங்கள். மூன்று முறையும் தாள் காய்ந்திருந்தால் மெஷினைச் சுவரோடு தள்ளலாம். தள்ளும்போது இன்லெட் ஹோஸ் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிடுங்கள், 5 ஆண்டு ஆன ஹோஸை ஒழுகும்வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள்.